பாப்பாரப்பட்டிக்குப் போன சிவதை மூட்டை

அருள்,

நேற்றுக் காலை பாப்பாரப்பட்டியில் அமலாவின் கையில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டேன். வைகாசியில் உனக்குப் பெண்டாட்டியாக வரப்போகிறவள், படித்த டாக்டர். புறங்கை சிவந்துபோனது. அவள் பிடித்திருந்த வேர்த்துண்டு சுவரில் பட்டு அலமாரிக்கு அடியில் உருண்டு ஓடியது. உன்னையோ உன் அக்காவையோ நான் அந்த மாதிரி அடித்ததே கிடையாது. ஏன் அடித்தேன் என்று நீ கேட்க மாட்டாய். இந்த நாலு வரியைப் படித்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். போனில் சொல்லியிருக்கலாம். நீ "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுவாய், நானும் வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டு அழுவேன். அதனால்தான் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளுக்கு வாங்கி வைத்திருந்த கோடு போட்ட தாளில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் நீயே கூட்டிப் படித்துக்கொள்.

அந்த வேரைக் கொடுத்த கொடியோடு எனக்கு இருந்த பகை உனக்குத் தெரியும். கல்யாணமாகி இண்டூருக்கு வந்த வருஷத்திலிருந்து நான் கடலைக் காட்டில் அதைப் பிடுங்கியிருக்கிறேன். மூன்று பட்டையாக விளிம்பு வைத்த தண்டு, கிள்ளினால் வெள்ளையாகப் பால், இதய வடிவத்தில் இலை, பனிக்காலத்தில் குழாய் ஒலிபெருக்கி மாதிரி வெள்ளைப் பூ. பூவைப் பார்த்து ஏமாந்தால் போச்சு, ஒரே மழையில் கடலைச்செடியைச் சுற்றிப் படுத்துக்கொள்ளும். மேலே பிடுங்கினால் கீழே வேர் அப்படியே கிடக்கும், பத்து நாளில் திரும்ப வரும். அதற்கு ஒரு பேர் இருக்கிறது என்றுகூட நான் நினைத்ததில்லை, எங்களுக்கு அது வெறும் கொடி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடியில் நீ ஓசூரிலிருந்து வந்து, வேலியோரத்தில் இருந்த அதே கொடியை முழம் முழமாக வெட்டி, மாமரத்தடியில் குழி எடுத்து நட்டுக்கொண்டிருந்தாய். நான் களைக்கொத்தோடு நின்று பார்த்தேன். பையனுக்குக் கம்பெனி வேலையில் மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். பக்கத்துக் காட்டு மாதம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏக்கா, உங்க அருளு களைய நடறான், நீ கடலைய புடுங்கிப் போடப்போறியா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. அன்றைக்கு வந்த அதிர்ச்சியெல்லாம் அதிர்ச்சியே இல்லை என்று இப்போது தெரிகிறது.

இதற்கெல்லாம் உங்கப்பாவின் வயிறுதான் காரணம். மூட்டு வீங்கி நடக்க முடியாமல் கிடந்தாரே, அதோடு நாலைந்து நாளைக்கு ஒரு தரம்தான் வெளிக்குப் போகிறார் என்பதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிடிவாதம். வேறு வழியில்லாமல் நீதான் பைக்கில் உட்கார வைத்து பாப்பாரப்பட்டிக்கு, புதிதாக ஒரு சித்த டாக்டரம்மா வந்திருக்கிறாள் என்று கூட்டிப்போனாய். திரும்பி வந்து மூன்று நாளில் மனிதர் தெளிந்துவிட்டார், நீ தெளியாமல் போய்விட்டாய். மாமனார் வயிற்றுக்கு மருந்து கொடுத்து மாப்பிள்ளை பிடித்தவள் இந்த ஜில்லாவிலேயே அமலா ஒருத்திதான் இருப்பாள் என்று நான் அவளையே கேலி செய்திருக்கிறேன், அவளும் சிரித்திருக்கிறாள். அவள் கொடுத்த பொடி சிவதை வேர். கடையில் வாங்கினால் பாதிக்கு மேல் தண்டை நறுக்கிக் கலந்து விடுகிறார்கள், நல்ல வேர் கிடைக்கவில்லை என்று அவள் சலித்துக்கொண்டாளாம். அவள் காட்டிய படத்தைப் பார்த்து, "இதுவா, எங்கம்மா வருஷம் பூரா புடுங்கிப் போடறாங்களே" என்று நீ சொன்னாயாம். அந்த ஒரு பேச்சில் முளைத்ததுதான் உன் கல்யாணம்.

அதற்குப் பிறகு நீ எனக்கு வாத்தியார் ஆனாய். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, எனக்குப் பிடித்திருந்தது. வயிற்றைக் கழுவிவிடும், வாத வீக்கம் வாங்கும், தோலில் அரிப்பு வந்தவர்களுக்கும் உள்ளே கொடுப்பார்கள் என்றாய். ஆனால் பிள்ளை உண்டானவர்களுக்கும், பச்சைப் பிள்ளைக்கும், சாகக் கிடக்கிற கிழத்துக்கும் கொடுக்கவே கூடாது, அளவு கூடினால் குடலைப் பிடித்து முறுக்கும் என்றும் சொன்னாய். அதனால்தான் சுக்கு சேர்க்கிறது, நிற்காமல் போனால் மோர் கொடுக்கிறது. கறுப்புச் சிவதை என்று ஒரு ஜாதி இருக்கிறது, அது முரட்டுச் சரக்கு, நம் வேலியில் இருப்பது வெள்ளை, அதுதான் மருந்துக்கு நல்லது என்றாய். தண்ணீர் தேங்காத செம்மண் போதும், மாமரம் தாங்கிக்கொள்ளும், முதல் மழைக்கு நட்டால் பிறகு நாம் அதைப் பார்க்கவே வேண்டாம், ஒன்றரை வருஷம் போனால் வேர் கட்டைவிரல் கனத்துக்கு வந்துவிடும், வெட்டி நிழலில் காய வைக்க வேண்டியதுதான் என்றாய். வாழ்நாள் முழுக்க நான் எதிரி என்று நினைத்ததற்கு என் மகன் தொழு உரம் போடுகிறான். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. உன்னோடு சேர்ந்து நானும் கொடியை மரத்தில் ஏற்றிவிட்டேன். பனிக்காலத்தில் தோப்பு முழுக்க வெள்ளையாகப் பூத்தபோது மாதம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

தை மாதத்தில் நடந்தது என்னுடைய தப்பு, அதில் உனக்குப் பங்கு கிடையாது. அமலா வீட்டார் அதியமான்கோட்டையிலிருந்து வூடு பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். நீ ஓசூரில் இருந்தாய். நான் வாசலில் நின்று அவர்கள் வரப்போகிற பாதையைப் பார்த்தேன். வேலி தெரியவில்லை, மாமரம் பாதி தெரியவில்லை, எங்கே பார்த்தாலும் கொடி. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் காட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். கொடி மண்டிக் கிடந்தால் அந்த வீட்டு ஆண் குடிக்கிறான், பெண் சோம்பேறி என்று கணக்குப் போட்டுக்கொண்டு காபி மட்டும் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்கு நின்றுகொண்டு விளக்கம் சொல்ல முடியுமா? வேர்தானே விற்கிறோம், இலையைக் காட்டிலிருந்து எடுத்துவிட்டால் என்ன, வேர் பாட்டுக்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும் என்று எனக்கு ஒரு புத்தி போயிற்று. கையால் பிடுங்கினால் வேர் அசைந்துவிடுமே என்று பயந்து, மாதம்மா வீட்டுக்காரரைத் தெளிப்பான் எடுத்துவரச் சொல்லி, வேலியோரம், தோப்பு எல்லாவற்றுக்கும் களைக்கொல்லி அடிக்க வைத்தேன். வேரைக் காப்பாற்ற அடித்தேன் அருள். என்னைப் போல ஒருத்தி வேறு எங்காவது இருப்பாளா என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர்கள் வருவதற்குள் எல்லாம் கருகி உதிர்ந்து, காடு கூட்டிப் பெருக்கினதுபோல ஆகிவிட்டது. வந்தவர்கள் இரண்டாம் தரம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் நீ வந்து தோப்பில் நின்ற நிற்பை நான் மறக்கவில்லை. நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தேன். நீ கருகின கொடியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த மருந்து இலையில நிக்காதும்மா. இலை வழியா வேருக்குப் போயி வேரக் கொல்றதுக்குன்னே செஞ்ச மருந்தும்மா இது" என்றாய். "அப்ப வேரு?" என்று கேட்டேன். "ஆவாது. ஆளுங்க உள்ளுக்குச் சாப்படறது. தோண்டி எரிச்சிடலாம். ஆடிக்குப் புதுசா நட்டுக்கலாம் வுடு" என்றாய். ஒரு சொல்கூட என்னைத் திட்டவில்லை. நான் கல்லில் உட்கார்ந்து அழுதபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கிறேனே என்று அன்றைக்கு நான் கும்பிட்ட கும்பிடு சர்வேசுரனுக்கே தெரியும்.

நீ அப்படித்தான் வளர்ந்தாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை உங்கள் இரண்டு பேருக்கும் பேதிக்குக் கொடுப்பேன், ஞாபகம் இருக்கிறதா? மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெயை ஊற்றிவிட்டு, மத்தியானம் மிளகு ரசமும் குழைந்த சோறும். உன் அக்கா குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடுவாள். ஒரு தரம் நீ வாயிலேயே அடக்கி வைத்திருந்து முருங்கை மரத்தடியில் துப்பிவிட்டாய். எனக்குத் தெரியவே தெரியாது. அரை மணி நேரத்தில் நீயாகவே வந்து, "ம்மா, நான் துப்பிட்டேன், இன்னொரு தரம் குடு" என்று வாயைத் திறந்துகொண்டு நின்றாய். வந்த சிரிப்பில் எனக்கு எண்ணெய் பாதி தரையில் சிந்தியது. இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அமலாவின் அம்மாவிடம்கூட, வூடு பார்க்க வந்த அன்றைக்கு, சொன்னேன்.

பிறகு உன் அக்கா பிரசவத்துக்கு நான் சேலம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தோப்பில் குழியெல்லாம் தோண்டி மூடியிருந்தது, ஒரு மூலையில் தீ வைத்த கரி கிடந்தது. "எரிச்சிட்டியா சாமி?" என்று கேட்டேன், "ஆமாம்மா" என்றாய். எரித்தது காய்ந்த கொடியை மட்டும்தான் என்று நான் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

இந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்தார்கள். நீ வரவில்லை, வேலை என்றாய். பூசை முடிகிற நேரத்தில் ஃபாதர் உன் பெயரையும் அமலா பெயரையும் ஊர்களோடு சேர்த்து வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் தம்மிடம் வந்து தெரிவிக்க வேண்டும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். எத்தனை ஓலை கேட்டிருப்போம், யாராவது அதைக் காதில் வாங்கியிருக்கிறோமா? நானும் வாங்கவில்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் மாதம்மாவுக்கு இனிப்பு கொண்டுபோனேன். வாயில் போட்டுக்கொண்டே அவள், "மூட்டைய வேன்ல ஏத்தி பொண்ணு வூட்டு ஆஸ்பத்திரிக்கே அனுப்பிட்டானாமே, இனிமே என்னாக்கா, டாக்டரம்மாவுக்கு வேரும் நம்ம வூட்டுது, மாப்பிள்ளையும் நம்ம வூட்டுது" என்றாள். எந்த மூட்டை என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அவளுக்கே ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பட்டிருக்க வேண்டும்.

உங்கப்பாவிடம் வந்து கேட்டேன். மனிதர் மறைக்கவில்லை, மறைக்கிற விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை, அதுதான் எனக்கு இன்னும் தூக்கிவாரிப்போட்டது. "ரெண்டு தண்ணி கழுவி, நெழல்ல நல்லா காய வெச்சுத்தான் கட்டினோம். எந்த மருந்து இன்னும் இருக்கப்போவுது? தக்காளியில அடிக்கல, கத்திரிக்காயில அடிக்கல? அத நாம திங்கல?" என்றார். அந்தப் பெண் கொடுத்த பொடியில் எழுந்து நடந்தவர் இதைச் சொல்கிறார். உடனே உனக்குப் போன் போட்டேன். ஏன் அனுப்பினாய் என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு முன்னாடி முதல் வேர் நம்ம காட்டுதுன்னு அவகிட்ட சொல்லிட்டேன்மா. அவளும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. இப்ப போயி என்னன்னு சொல்றது? எங்கம்மா களைக்கொல்லி அடிச்சிட்டாங்கன்னா? உன்ன என்ன நெனைப்பா? உன் மானத்துக்கும் சேத்துதான் பாத்தேன். நீ இதுல தலையிடாத" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய்.

அருள், உன்னைவிட அதிகம் படித்தவர்கள் இதைவிடப் பெரிய பொய் சொல்லியிருக்கலாம், அது என் வீட்டில் இல்லை. உனக்கு அந்த மருந்து வேருக்குப் போகும் என்று தெரியும், எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீ. அந்த வேரை ஆட்கள் உள்ளுக்குச் சாப்பிடுவார்கள் என்று சொன்னதும் நீ. அறியாமல் அடித்தவள் நான், அறிந்து மூட்டை கட்டியவன் நீ. இதில் என் மானத்தை எதற்கு இழுத்தாய்? வருகிற மருமகள் என்னைக் காட்டுமிராண்டி என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகிறாள், ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அப்புறம் சரியாகப் போகும். என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் உன்னிடம் கேட்கவில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு ஒரு தாய் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தேன், சம்பளத்தைக் கையில் கொடு, அவள் சமைத்ததைக் குறை சொல்லாதே, அப்படி. இப்போது சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. உன் அம்மாவையும் அவளையும் எதிரெதிரே நிறுத்தி, ஒருத்தியைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி இன்னொருத்தியை ஏமாற்றாதே. இதில் ஆரம்பித்தால் ஆயுசு முழுக்க அதையே செய்துகொண்டிருப்பாய்.

நேற்று முதல் பஸ்ஸிலேயே பாப்பாரப்பட்டிக்குப் போனேன். போகும்போது எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். நான்தான் தெரியாமல் அடித்தேன், மூட்டையைத் தெரியாமல் அனுப்பிவிட்டோம் என்று பொதுவாகச் சொல்லித் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். உன் பெயரை எடுக்க வேண்டாம். வழி முழுக்க அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். நீ செய்ததைத்தான் நானும் செய்யப் போனேன் என்று அப்போது உறைக்கவில்லை.

அமலா கிளினிக்குக்குப் பின்னால் இருக்கிற அறையில் இருந்தாள். "அத்தை வாங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டு, பாயை விரித்து, மின்விசிறியைத் திருப்பி வைத்தாள். மூட்டையைப் பிரித்து நம் வேரைத் துணியில் பரப்பியிருந்தாள். அடுப்பில் அகலமான பாத்திரத்தில் பால். நான் வாயைத் திறப்பதற்குள், "இருங்க அத்தை, உங்களுக்குக் காட்டணும்" என்று ஒரு வேரை எடுத்து நீளவாக்கில் பிளந்து, மரவள்ளிக்கிழங்கில் நடு நரம்பை எடுப்போமே, அதே மாதிரி நடுவில் இருந்த நாரை உருவிப் போட்டாள். அந்த நார்தான் வயிற்றைப் பிடித்து வலிக்க வைக்கும், மேல் பட்டைதான் மருந்து, அதைப் பாலில் அவித்துக் காய வைத்தால் முரட்டுத்தனம் போய்விடும் என்று சொன்னாள். "கடைச் சரக்குல பாதி தண்டா இருக்கும் அத்தை. இது அத்தனையும் வேர். அருளு அனுப்பினா நான் கண்ண மூடிட்டு வாங்குவேன்" என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு துண்டை உடைத்தாள். "நாக்குல வெச்சா மொதல்ல ஒண்ணும் தெரியாது, அப்பறமா கொமட்டிக்கிட்டு வரும், அதுதான் நல்ல வேருக்கு அடையாளம்" என்று சிரித்தபடி வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எழுந்து அடித்துவிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். "அது களைக்கொல்லி அடிச்ச வேரு கண்ணு" என்றேன். அவள் கத்தவில்லை. என்ன மருந்து, எப்போது அடித்தது, இலையில் அடித்ததா மண்ணிலா, எத்தனை நாள் கழித்துத் தோண்டினது என்று டாக்டர் நோயாளியிடம் கேட்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், உங்கள் வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்றுதான் அடித்தேன் என்பதையும் சொன்னேன். வேரையே பார்த்துவிட்டு, "அருளுக்குத் தெரியுமாங்க?" என்றாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். உன் கல்யாணத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது, நீ நல்லவனாக இருந்திருப்பாய், நானும் அசட்டுக் கிழவியாக வீட்டுக்கு வந்திருப்பேன். அந்த ஓலையில் ஃபாதர் சொன்னது அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்த மாதிரி இருந்தது. தடை இருப்பது யாருக்காவது தெரிந்தால் சொல்ல வேண்டும் என்றால், ஊரில் அது தடை என்று தெரிந்தவள் நான் ஒருத்தி. ஆனால் அதற்காகக்கூட இல்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தெரியும்" என்றேன். அவள் போய் அடுப்பை அணைத்தாள். மூட்டையை இழுத்துக் கட்டி மூலையில் தள்ளினாள். நான்தான் பயந்துபோய், "யாருக்காச்சும் குடுத்துட்டியா கண்ணு?" என்று கேட்டேன். போன வாரமே கொஞ்சம் எடுத்துப் பொடி செய்துவிட்டதாகச் சொன்னாள். "ஒருத்தருக்குத்தாங்க குடுத்தேன்." யாருக்கு என்றேன். "எனக்கு. புதுச் சரக்கு வந்தா மொதல்ல நான் சாப்ட்டுப் பாத்துட்டுத்தான் அடுத்தவங்களுக்குக் குடுக்கறது" என்றாள்.

அவள் அந்தப் பொடி டப்பாவை எடுத்து மூட்டையோடு வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. "நான் அவர்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன். அவரா வந்து சொல்லட்டும்" என்று மட்டும் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தாள், இண்டூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தாள். பஸ் கிளம்பும்போது, "பாத்துப் போங்கம்மா" என்றாள். காலையில் அத்தை என்று கூப்பிட்டவள். அவளிடம் வைத்தியத்துக்கு வருகிற எல்லாப் பெண்களையும் அப்படித்தான் அம்மா என்று கூப்பிடுவாள், நான் கேட்டிருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பொம்பளை என்னை ஏன் அழுகிறாய் என்று கேட்டாள், கண்ணில் தூசி என்றேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை. ஃபாதரிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை, உன்னோடு கோயிலில் வந்து நிற்பதும் நிற்காததும் இனி அமலா கையில். உங்கப்பா நேற்று இராத்திரி சாப்பிடவில்லை, அவருக்கும் நான் பொடி விஷயத்தைச் சொன்னேன். நீ லீவு போட்டுவிட்டுப் போ. பைக்கில் போகும்போது என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொள்ளாதே, நான் பார்த்துவிட்டேன், அது ஒன்றுக்கும் உதவாது. அம்மாவுக்காகத்தான் செய்தேன் என்று ஆரம்பிக்காதே. மன்னித்துவிடு என்றுகூட முதலில் கேட்க வேண்டாம், அதற்கு அப்புறம் நேரம் இருக்கும், இல்லாமலும் போகலாம். உள்ளே போனதும் அவளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேள். அந்தப் பொடியைச் சாப்பிட்டு ஒரு வாரம் ஆகிறது, இதுவரைக்கும் அவளை யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை அருள். பஸ் பாதி தூரம் வந்த பிறகுதான் எனக்கே அது தோன்றியது.

உன் அம்மா